ஒற்றைப் பூட்டு

குளியலறைக் கதவிலிருந்த உருண்டைப் பிடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நீளமான கைப்பிடி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார் தராசு. உருண்டைப் பிடியைத் திருகுவதற்கு விரல்கள் வேண்டும். நீளக் கைப்பிடி என்றால் முழங்கையால் அழுத்தினாலே கதவு திறந்துகொள்ளும். வீட்டின் மற்றக் கதவுகளுக்கெல்லாம் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. சமையலறைச் சுவரில், டப்பா மூடிகளைக் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புப் பிடி அடித்துக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலமானால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வேலை இல்லாத வாரங்களில் வேலையைத் தேடிக் கண்டுபிடிப்பார். சொட்டாத குழாயைக்கூட ஒரு தடவை கழற்றி மாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் அது சொட்ட ஆரம்பித்தது.

"அண்ணே, காபி ஆறிப்போகுது. குடிச்சிட்டுத் திருகுங்க. கதவு எங்கேயும் ஓடிடாது" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரி தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, புருஷனுடைய சட்டைகளின் பித்தான்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பித்தான்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்களின் துணி ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. புருஷன் எதிரே உட்கார்ந்து, வலது மணிக்கட்டின் மொட்டை முனையால் துணியின் ஓரத்தை மேசையோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. ரொட்டித் தொழிற்சாலையில் அவனை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான மறுவாரம், கல்யாணச் சட்டையையே மாட்டிக்கொண்டு, இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலைக்கு வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அவன் மனைவி தராசை அண்ணே என்று அழைக்க ஆரம்பித்ததிலிருந்து, "அப்போ எனக்கு மச்சான்தானே" என்று அவனும் உறவு பேசிக்கொண்டான்.

"பாருங்கண்ணே, கட்டின பொண்டாட்டி பித்தான் வெட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். எல்லாம் எதுக்கு? ஒரு பூட்டு. ஒரே ஒரு பூட்டை எடுத்து மாட்ட இந்த மனுஷனுக்குச் சோம்பேறித்தனம். நீங்க எத்தனை வாட்டி படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பீங்க! கேட்டா இவரு கிரீடம் இறங்கிடுமா?"

"சோம்பேறித்தனம்தான்" என்றான் மாப்பிள்ளை, தலையை ஆட்டிக்கொண்டு.

"சிரிப்பு வேற."

திருப்புளி வழுக்கி, தராசின் கட்டைவிரலைக் கீறியது. அவள் எழுந்து ஓடி வந்தாள். குழாயைத் திறந்து அவர் கையைப் பிடித்து நீரில் காட்டினாள். "பார்த்து அண்ணே. கையில பிரச்சினை உள்ள ஆள் இந்த வீட்டுக்கு ஒருத்தர் போதும்" என்றாள். அவள் தலைக்கு மேலாக மாப்பிள்ளை அவரைப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை, பேசாமல் இருங்கள் என்பதுபோல இமையைத் தாழ்த்தினான். தராசு பேசாமல்தான் இருந்தார். அதில்தான் இப்போது கைதேர்ந்துவிட்டாரே.

தராசு என்பது அவர் தேடிச் சம்பாதித்த பெயர். தொழிற்சாலையில் தலைமை மெக்கானிக். யார் பக்கமும் சாயமாட்டார். தாமதமாக வந்தவன் சொந்தக்காரனாக இருந்தாலும் தாமதம்தான். சபையில் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டும் பொறுப்பை அவரிடம் கொடுத்தால் அளவுகோல் கொண்டுவருவார் என்று கிண்டல் செய்வார்கள். அவருக்கு அந்தக் கிண்டல் பிடிக்கும். மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகித் தூரமாகப் போன பிறகு, அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான். காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் சாயங்காலம் எட்டிப் பார்த்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானின் கதையைப் போதகர் பிரசங்கிக்கும் போதெல்லாம் அவரால் உட்கார முடியாது. ஒருமுறை பொறுக்க மாட்டாமல் வாசலில் வைத்துக் கேட்டேவிட்டார். "ஐயா, அந்த எஜமான் எங்க கம்பெனியில இருந்தா, மறுநாள் காலையில ஒருத்தன் வேலைக்கு வரமாட்டான்."

"நல்லவேளை, அவர் உங்க கம்பெனியில இல்ல" என்று போதகர் சிரித்தார். தராசு சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் அவர் உயிரைவிட மேலாக மதித்த விதி ஒன்று உண்டு. இயந்திரத்துக்குள் கை விடுகிறவன் எவனாக இருந்தாலும், முதலில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, சுவிட்சின் மேல் தன் சொந்தப் பூட்டை மாட்டிப் பூட்ட வேண்டும். சாவி அவன் பையில் இருக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, நான்கு பேர் என்றால் நான்கு. அவனவன் பூட்டை அவனவனே வந்து கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை, முதலாளியே வந்து நின்றாலும் இயந்திரம் ஓடாது.

மாப்பிள்ளையின் கை போன அன்று காலை மாவு பிசையும் இயந்திரம் முனக ஆரம்பித்தபோது, தராசும் மாப்பிள்ளையும் சேர்ந்துதான் பார்க்கப் போனார்கள். தராசு தன் பூட்டை மாட்டினார். மாப்பிள்ளையின் பூட்டு, அடுப்புப் பக்கம் வேறொரு சுவிட்சில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துவரக் கிளம்பினான். மாவு புளித்துக்கொண்டிருந்தது, மேற்பார்வையாளர் கத்திக்கொண்டிருந்தார். "ரெண்டு பூட்டு எதுக்கு மாப்ளே? என் பூட்டு தொங்குதுல்ல. நான் இங்கேயேதான் நிக்கிறேன், நீ உள்ள போ" என்றார் தராசு. வேறு யார் சொல்லியிருந்தாலும் மாப்பிள்ளை தயங்கியிருப்பான். தராசே சொல்லிவிட்டதால் மறுபேச்சில்லாமல் இயந்திரத்தின் பின்பக்கம் போய்க் கையை உள்ளே விட்டான். இங்கேயே நின்றவருக்கு, பொட்டலம் கட்டும் இடத்தில் ஒருத்தி தலைக்கு வலை போடாமல் நிற்பது தெரிந்தது. விதி விதிதான். போய் அவளை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பினார். இயந்திரத்தின் முன்னால் யாரும் இல்லை, முன்பக்க மூடி சாத்தியிருந்தது. முடித்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்தார். தன் பூட்டைத் தானே கழற்றினார். சுவிட்சைப் போட்டார்.

மருத்துவமனைக்கு விசாரணை அதிகாரியோடு ஒரே வண்டியில்தான் போனார். வழி நெடுக, சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றையும் மறைக்கப்போவதில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வார்டுக்குள் நுழைந்து அவர் வாயைத் திறப்பதற்குள், கட்டிலில் கிடந்தவன் முந்திக்கொண்டான். "என் தப்புதான் சார். பூட்டு மாட்டாம, யார்கிட்டயும் சொல்லாம கையை விட்டுட்டேன். நான் உள்ள இருந்ததே அவருக்குத் தெரியாது." அதிகாரி திரும்பி, "அப்படித்தானா?" என்று தராசைக் கேட்டார். யாரும் மிரட்டவில்லை. யாரும் கெஞ்சவில்லை. "ஆமா" என்றார் தராசு. அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தது என்பது அவருக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

விதியை மீறியவன் என்று மாப்பிள்ளையின் பெயரில் பதிவானது. புண் ஆறி வந்ததும் வாசல் காவலுக்கு மாற்றினார்கள். தராசு தலைமை மெக்கானிக்காகவே இருந்தார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் திங்கட்கிழமை தோறும் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் வேலையையும் நிர்வாகம் அவர் தலையிலேயே கட்டியது. விதியை அவரைவிட மதிக்கிற ஆள் யார்?

அந்தத் திங்கட்கிழமையும் சாப்பாட்டுக் கூடத்தில் புதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தராசு தன் பூட்டை உயர்த்திக் காட்டினார். பூட்டு மாட்டாமல் கையை விட்ட ஒரு தொழிலாளியின் கதையைச் சொன்னார். பல வாரமாகச் சொல்லிச் சொல்லி, கதை நன்றாகவே அமைந்துவிட்டிருந்தது. எங்கே நிறுத்தினால் கூடம் அமைதியாகும் என்பதுகூட அவருக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அவருக்குப் பக்கத்துல யாருமே இல்லையா சார்?"

"இருந்தாரு."

"அப்புறம்?"

தராசு பூட்டை மேசையில் வைத்தார். "வேற கேள்வி இருக்கா?" என்றார். அந்தப் பெண் குழப்பத்தோடு உட்கார்ந்தாள். வேலை முடிந்து வெளியேறும்போது, வாசலில் தடுப்புக் கம்பத்தை இடது கையால் அழுத்தித் தூக்கிவிட்டு, அதே கையால் ஒரு சலாம் வைத்தான் மாப்பிள்ளை. "பாடம் எப்படிப் போச்சு மச்சான்? உங்க கதையில நான் நல்லா நடிச்சேனா?" அவனுக்கு அது நகைச்சுவை. தராசுக்கு அவன்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்படி ஒருத்தனுக்குக் கெடுதல் செய்துவிட்டு அவன்மேலேயே எரிச்சல்படுகிறோமே என்று வீடுவரை தன்னைத்தானே திட்டிக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் மறுபடியும் அதே கூலிக் கதையை எடுத்தார். கிருபை சம்பளமல்ல என்றார். சம்பளமென்றால் நிமிர்ந்து நின்று வாங்கலாம். இது வெறுங்கையை நீட்டி வாங்குவது. அதனால்தான் உழைத்துப் பழகியவர்களுக்கு இது கசக்கிறது என்றார். தராசு எத்தனையோ தடவை இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார். எப்போதும் தன்னைக் காலையிலேயே வந்து வெயிலில் காய்ந்தவனாகத்தான் நினைத்துக்கொள்வார். இன்றைக்கு அந்த இடத்தில் போய் நிற்க முடியவில்லை. சாயங்காலம் வந்தவனாகக்கூட நிற்க முடியவில்லை. அவனாவது கொஞ்ச நேரம் வேலை செய்தான். தான் செய்தது இன்னொருத்தன் கையை எடுத்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பின்பக்கப் படியில் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

மாப்பிள்ளை கேள்வி புரியாததுபோல நடிக்கவில்லை. "படுத்திருந்தேன். நீங்க உள்ள வந்தீங்க. மூஞ்சி செத்துப்போயிருந்துச்சு. இந்த ஆளு வாயைத் திறந்தா வேலை போகும், கேஸாகும். ஆனா, என் கை முளைக்குமான்னு தோணுச்சு. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். உட்கார்ந்து யோசிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன் மச்சான். மருந்து மயக்கம் வேற."

"இது நியாயமில்ல."

"இல்லதான்."

"எனக்கு இதுக்குத் தகுதியில்லடா."

"தகுதி பார்த்துக் கொடுக்கணும்னா உங்களுக்கு நான் மெமோதான் கொடுக்கணும்."

"திட்டவாவது செய். நாலு அறை அறை. சும்மா சிரிச்சுக்கிட்டு இருக்காதே."

"திட்டத்தான் வீட்ல ஒருத்தி இருக்காளே" என்றான் மாப்பிள்ளை. "உங்களுக்கும் சேர்த்து நானே வாங்கிக்கிறேன், விடுங்க." சட்டையின் தொங்கும் கைப் பகுதியை மடித்து உள்ளே செருகிக்கொண்டு, மனைவியைத் தேடிப் போய்விட்டான்.

தராசு அங்கேயே நின்றார். அவன் சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்ட பிறகு அவருக்கு வாரம் முழுக்கத் தூக்கமில்லை. அவன் கை போனதை ஒரு விபத்து என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள அவர் ஒரு வழி வைத்திருந்தார். அந்த வீட்டில் நாள்தோறும் விழும் வசவு விபத்து அல்ல. அது முகவரி மாறிப் போய்க்கொண்டிருந்தது. அது தெரிந்தே அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். கதவுப் பிடியும் இரும்புப் பிடியும் எதற்காக என்று இப்போது அவருக்கே வெட்கமாகப் புரிந்தது. இலவசமாகக் கிடைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விலைக்கு வாங்கிவிடப் பார்த்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அவர் கருவிப் பை இல்லாமல் போனார்.

"என்ன அண்ணே, இன்னைக்குக் கையை வீசிக்கிட்டு வந்திருக்கீங்க?" என்று வரவேற்றவள், அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே ஓடி ஒரு சட்டையைக் கொண்டுவந்தாள். வெளிர் நீலம், இஸ்திரிச் சூடுகூட ஆறவில்லை. "உங்களுக்குத்தான். அளவு எப்படி எடுத்தேன்னு பார்க்கிறீங்களா? நீங்க கதவைத் திருகிக்கிட்டு நின்னப்போ கண்ணாலயே எடுத்தேன். நிமிர்ந்து நில்லுங்க." சட்டையை அவர் தோளோடு வைத்துப் பார்த்தாள். அவருடைய வலது கையைப் பிடித்து நீட்டி, சட்டைக் கையின் நீளம் மணிக்கட்டுவரை வருகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். "கச்சிதம்" என்றாள். "கூடப் பிறந்தவன் இருந்தாலும் எனக்கு இவ்வளவு செஞ்சிருக்க மாட்டான். இந்த மனுஷன் மட்டும் அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டு அந்தப் பூட்டை..."

"நான்தான் மாட்ட வேண்டாம்னு சொன்னேன்" என்றார் தராசு.

"மச்சான்" என்றான் மாப்பிள்ளை.

தராசு நிறுத்தவில்லை. பூட்டை எடுக்கக் கிளம்பியவனைத் தடுத்தது, இங்கேயே நிற்கிறேன் என்றது, நிற்காமல் போனது, சுவிட்சைப் போட்டது, மருத்துவமனையில் ஆமா என்றது எல்லாவற்றையும் சொன்னார். மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்த நல்ல வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. அவள் அவர் கையை விட்டுவிட்டாள். சட்டையை மெல்ல மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"நிஜமா?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

"நான் இத்தனை நாளா உங்களைத் திட்டினதெல்லாம்?"

"பழகிடுச்சு" என்றான் அவன்.

அவள் தராசின் பக்கம் திரும்பியபோது குரல் உயரவில்லை. "அண்ணேன்னு கூப்பிட்டேனே. என் கையால காபி குடுத்தேனே. எனக்கு முன்னாடியே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களே." பிறகு, "வெளிய போங்க" என்றாள்.

அவர் வெளியே வந்தார். தெருவில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. முதல் சில அடிகள் நடந்தபோது அவருக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நிம்மதியாக இருந்தது. நெடுநாளாக எதிர்பார்த்துக் கிடந்த அடி, சரியான இடத்தில், சரியான ஆள் கையால் விழுந்திருந்தது. நாளை மறுநாள் மேலாளரிடமும் போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது. தப்புக்குத் தண்டனை. நிமிர்ந்து நடக்கலாம். ஏறக்குறைய நிமிர்ந்தேவிட்டார்.

பின்னால் ஓடிவந்த மாப்பிள்ளை தெருமுனையில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். அவன் கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. கை போன அன்றுகூட இல்லை.

"யாருக்காகச் சொன்னீங்க? அவளுக்காகவா, உங்களுக்காகவா?"

"அவளுக்குத் தெரிஞ்சாகணும்ல."

"தெரியணும். அதைச் சொல்லவேண்டியவன் நான். அதுக்கு ஒரு நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்கு ஒரு அடி வேணும். நான் அடிக்கமாட்டேன்னு தெரிஞ்சதும் அவ கையைப் பிடிச்சு அடிச்சுக்கிட்டீங்க. என்னைத் திட்டித் திட்டித்தான் மச்சான் அவ இத்தனை நாள் தாங்கினா. திட்டினா பக்கத்துலயே இருந்து சட்டையும் தச்சுக் குடுப்பா. இப்ப உள்ள சத்தமே இல்லாம உட்கார்ந்திருக்கா."

தராசுக்குச் சற்று முன் கிடைத்த நிம்மதி இருந்த இடம் தெரியவில்லை. "திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட சொல்லப்போறேன்" என்றார் கடைசியில், சிறு பிள்ளைபோல.

"சொல்லுங்க. சொல்லணும்னா சொல்லுங்க. நான் தடுக்கல." மாப்பிள்ளை மூச்சு வாங்கினான். "ஆனா அதோட கணக்குத் தீர்ந்துடும்னு மட்டும் நினைக்காதீங்க. நான் கணக்கே வைக்கல. தீர்க்கறதுக்கு என்ன இருக்கு?"

மழை வலுத்தது. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் கூரைக்கடியில் இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். மாப்பிள்ளை கீழே பார்த்துவிட்டு, "செருப்பு எங்கே?" என்றான். அப்போதுதான் தராசு தன் கால்களைப் பார்த்தார். வெறுங்காலோடு வந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் வீட்டின் வாசல்படி தெரிந்தது. படியில் அவர் செருப்பு இரண்டும் நனைந்துகொண்டிருந்தன.

கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். படியில் நின்று, குனிந்து செருப்புகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முந்தானையைக்கூடத் தலைக்கு மேல் பிடிக்காமல் மழையிலேயே நின்றாள். தூக்கி எறி தங்கச்சி என்று தராசு மனதுக்குள் கெஞ்சினார். தெருவில் எறி, சாக்கடையில் எறி, என் முகத்துக்கு எறி. பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

அவள் குனிந்து இரண்டையும் ஒரே கையில் எடுத்தாள். கவிழ்த்துப் பிடித்து, தேங்கியிருந்த நீரை உதறினாள். தெருமுனைப் பக்கம் ஒருமுறை தலையைத் திருப்பினாள். மழையில் அவர்கள் தெரிந்தார்களா என்று சொல்ல முடியாது. பிறகு செருப்புகளோடு உள்ளே போனாள். கதவு சாத்தப்படவில்லை. மாப்பிள்ளை மழையில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தான். தராசு, கூரையின் விளிம்பில் வெறுங்காலோடு நின்றார். ஓடிவந்த மழைநீர் அவர் விரல்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.